லட்ச ரூபாய் மடிக்கணினி நல்லா உழைக்குமா?

கிரைண்டர் வாங்கினாலும் கட்டில் வாங்கினாலும் மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "நல்லா உழைக்குமாப்பா?" என்றுதான். கம்பெனிப் பெயர், நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு. உறுதி, ஆயுள், கெட்டால் சரிசெய்துகொள்ளும் வசதி என்று எத்தனையோ விஷயங்களை அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள். அதே வீட்டில் மகளின் படிப்புக்கோ மகனின் வேலைக்கோ லட்ச ரூபாயில் மடிக்கணினி வாங்கும்போது மட்டும் இந்தக் கேள்வி எழுவதில்லை. இவ்வளவு கொடுத்தால் உழைக்காமலா போகும் என்று நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் ஆனையூரில் வசிக்கிறேன். 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். கொரோனா காலத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அலுவலக லேப்டாப்போடு ஊர் திரும்பிய பிள்ளைகளில் சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். சிலர் இலந்தைக்குளம் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகத்துக்குப் போய் வருகிறார்கள். கல்லூரி மாணவர்களைச் சொல்லவே வேண்டாம். எங்கள் பகுதியில் வண்டிக்கு அடுத்தபடியாகக் குடும்பங்கள் அதிகம் செலவழிக்கும் பொருளாக மடிக்கணினி ஆகிவிட்டது. அதனால் இது வசதியுள்ளவர்களின் ஆடம்பரக் கவலை என்று ஒதுக்க முடியாது. தவணையில் வாங்கி, தவணை முடியும் முன்பே கணினி முடிந்துபோன வீடுகளை எனக்குத் தெரியும்.

என் மேசையில் நடந்தது

லட்சத்துக்கு மேல் கொடுத்து நான் வாங்கிய கணினி, மூன்றாவது வருஷக் கோடையில் ஒரு வினோதமான தொல்லை கொடுத்தது. டச்பேட் அமுங்கவில்லை. விரலால் எவ்வளவு அழுத்தினாலும் கல் மாதிரி நின்றது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மூடி முழுசாக மூடவில்லை. விளிம்பில் நூல் நுழையும் அளவு இடைவெளி. நிறுவனத்தின் சேவை மையத்தில், பேட்டரி மேல்தட்டோடு ஒட்டப்பட்டிருப்பதால் விசைப்பலகை உட்பட மொத்தத் தட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்குச் சுமாரான புதுக் கணினி ஒன்றே வாங்கிவிடலாம். உத்தரவாதம் ஓராண்டோடு முடிந்திருந்தது.

பிறகு சிப் லெவல் சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பத்து திருகுகளைக் கழற்றிக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, பின்மூடியை மெதுவாக நெம்பினார். உள்ளே பேட்டரியின் இரண்டு செல்கள் பூரி போல உப்பியிருந்தன. அவைதான் டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. விசிறிக்கு வெளியே, காற்று போகும் செம்புத் தகடுகளின் வாயில் தூசி படிந்து கம்பளித் துண்டு மாதிரி இறுகியிருந்தது. அதை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுத்து என் கையில் வைத்தார். "எந்நேரமும் சார்ஜர்லயே கிடந்துச்சாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மதுரை வெயில்ல அப்படிப் போட்டு வச்சா எந்தக் கம்பெனியா இருந்தாலும் இப்படித்தாண்ணே" என்றார்.

பசையைப் பதமாக இளக்கிப் பழைய செல்களை எடுத்துப் புதிய பேட்டரியை வைத்து அவர் மூடியபோது, சேவை மையம் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. விலை, உழைப்பு, பழுது ஆகிய மூன்றையும் சேர்த்து யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பெரிய பெயர்களின் பழைய கணக்கு

உயர்விலைக் கணினிகள் பழுதாவது புதிய செய்தி அல்ல. கடந்த 20 ஆண்டுகளில் பெரும் பழுதுக் கதைகள் பெரும்பாலும் நல்ல பெயரெடுத்த நிறுவனங்களில்தான் நடந்திருக்கின்றன.

2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சோனி தயாரித்த செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்து, உள்ளேயே மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதமே லெனோவோவின் திங்க்பேட் பேட்டரிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மூன்று கம்பெனிகள், மூன்று விலைகள், உள்ளே இருந்த செல் ஒன்று.

2008-இல் என்விடியாவின் கிராபிக்ஸ் சிப்புகளில் கோளாறு வெளிவந்தது. கணினி சூடாவதும் ஆறுவதுமாக இருக்க, சிப்பை அதன் உறையின் அடித்தட்டோடு இணைக்கும் பற்றவைப்பு விரிசல் விட்டது. பழுதுச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா அந்த ஜூலையில் அறிவித்தது. டெல், எச்பி, ஆப்பிள் என்று எல்லோருடைய கணினிகளிலும் அந்தச் சிப்புகள் இருந்தன. 2011-இல் வந்த மேக்புக் புரோவின் 15, 17 அங்குல மாதிரிகளும் கிராபிக்ஸ் கோளாறில் சிக்கின. அவற்றுக்கு இலவசப் பழுதுநீக்கம் 2015 பிப்ரவரியில்தான் கிடைத்தது.

இவற்றுள் அதிகம் பேசப்பட்டது ஆப்பிளின் 'பட்டர்ஃபிளை' விசைப்பலகை. கணினியை இன்னும் மெல்லியதாக்க 2015-இல் கொண்டுவந்த வடிவம் அது. விசைக்கும் அடித்தட்டுக்கும் இடையே இடைவெளி அவ்வளவு குறைவு. ஒரு தூசித் துகள் போனாலே விசை சிக்கிக்கொள்ளும், அல்லது ஒருமுறை தட்டினால் இருமுறை எழுத்து விழும். 2018 ஜூனில் நான்கு ஆண்டுகளுக்கான இலவசப் பழுதுநீக்கத்தை ஆப்பிள் அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய வகை விசைகளுக்கே திரும்பியது. அமெரிக்காவில் பயனாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கை முடித்துக்கொள்ள 2022-இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

2019-இல் இன்னொன்றும் நடந்தது. பெரும்பாலும் 2015 செப்டம்பரிலிருந்து 2017 பிப்ரவரி வரை விற்ற 15 அங்குல மேக்புக் புரோக்களின் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று ஆப்பிளே திரும்ப அழைத்தது. அந்த ஆகஸ்டில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம், பேட்டரியைச் சரிசெய்யாத அந்த மாதிரிக் கணினிகளை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கணினி, விமானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இந்தக் கதைகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முதலாவது, பல பழுதுகள் வடிவமைப்பிலேயே இருந்தன. ஒரு தொழிலாளி செய்த பிழையாக இருந்தால் ஒரு கணினியோடு போயிருக்கும். வரைபடத்திலேயே பிழை இருந்தால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியவருக்கும் அது உண்டு. இரண்டாவது, கணினி சந்தைக்கு வருவதற்கும் நிறுவனம் கோளாறை ஏற்றுக்கொள்வதற்கும் இடையில் மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஓடிவிடுகின்றன. நம் ஊரில் உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டுதான். அந்த இடைக்காலத்தின் செலவெல்லாம் வாங்கியவர் தலையில். ஆகவே புத்தம்புது வடிவத்தில் முதல் ஆண்டு வரும் மாதிரியை வாங்காமல், ஓராண்டு பிறர் கையில் பழகிய பிறகு வாங்குவது நல்லது.

எண்கள் என்ன சொல்கின்றன?

விலையையும் பழுதையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் அரிது. அமெரிக்காவில் கூடுதல் உத்தரவாதம் விற்கும் ஸ்கொயர்டிரேட் நிறுவனம் 2009-இல் 30,000-க்கும் மேற்பட்ட மடிக்கணினிகளின் பழுது விவரங்களைத் தொகுத்தது. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழுதாகும் என்பது அதன் முடிவு. கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது போன்ற விபத்துகளும் இதில் அடக்கம். முதல் ஆண்டில் தானாகப் பழுதானவற்றை மட்டும் எடுத்தால், சின்ன நெட்புக்குகளில் 5.8 சதவீதம், சாதாரண விலைக் கணினிகளில் 4.7, உயர்விலைக் கணினிகளில் 4.2.

பழைய கணக்கு, வேறு நாட்டுக் கணக்கு. ஆனாலும் அது காட்டும் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். விலை கூடினால் பழுது கொஞ்சம் குறைகிறது. சாதாரண விலைக்கும் உயர்விலைக்கும் இடையே நூற்றில் ஒரு கணினிகூட வித்தியாசமில்லை. இரண்டு மடங்கு விலை கொடுத்தவருக்கு இரண்டு மடங்கு உறுதி கிடைக்கவில்லை.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? நல்ல திரை, குறைந்த எடை, உலோக உடல், வேகமான செயலி, சத்தமில்லாத விசிறி, ஒரு நாள் தாங்கும் பேட்டரி. இவை எல்லாமே உண்மையான நன்மைகள். படத்தொகுப்பு செய்பவருக்கும் கட்டட வரைபடம் போடுபவருக்கும் தினமும் பயன்படுபவை. ஆனால் இவை கணினியின் திறமை. உழைப்பு என்று பெரியவர்கள் கேட்டது வேறு.

மதுரையின் வெயிலும் தூசியும் மின்சாரமும்

கணினி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் உழைப்பு மாறும். மேக்புக்குகளைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. மற்ற பல நிறுவனங்களும் 35 டிகிரியைத்தான் மேல்வரம்பாகச் சொல்கின்றன. சித்திரை, வைகாசியில் மதுரை 40-ஐத் தாண்டுவது வழக்கம். கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே, ஏசி இல்லாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு வேலை பார்க்கிற கணினி, அதைச் செய்தவர்கள் வகுத்த எல்லைக்கு வெளியே வேலை பார்க்கிறது.

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, எந்நேரமும் நூறு சதவீதத்தில் நிற்கும் சார்ஜ். இரண்டும் சேரும்போது உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்து வாயு உண்டாகிறது, செல் உப்புகிறது. என் கணினியில் நடந்தது இதுவே. இன்றைய கணினிகள் பலவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிட வேண்டும். காசு செலவில்லாமல் பேட்டரியின் ஆயுளைக் கூட்டும் வழி இது.

அடுத்தது மின்சாரம். உலோக உடல் கொண்ட கணினிகளை வைத்திருப்பவர்கள் பலர் சொல்வது, "சார்ஜ் போட்டுக்கிட்டே கை வச்சா சுருக்சுருக்குன்னு இருக்கு" என்பது. சார்ஜருக்குள் இருக்கும் மின்வடிகட்டி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உடல்பகுதிக்கு வருகிறது. மூன்று முள் பிளக்கும் வீட்டில் சரியான எர்த்தும் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இரண்டு முள் பிளக்கில் அதற்கு வழியில்லாததால் நம் கை வழியே போகிறது. நல்ல சார்ஜரில் இது பெரும்பாலும் ஆபத்தில்லாத அளவு. ஆனால் சுருக்கென்பது கூடினால் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மலிவான டூப்ளிகேட் சார்ஜரைத் தொடவே கூடாது. லட்ச ரூபாய்க் கணினியின் மின்சுற்றுப் பலகையை ஐந்நூறு ரூபாய்ச் சார்ஜர் எரித்துவிடக்கூடும்.

கெட்டால் யார் சரிசெய்வது?

இந்த ஆய்வில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் கேள்வி இதுதான். எல்லாக் கணினியும் ஒரு நாள் கெடும். அன்றைக்கு அதைத் திறக்க முடியுமா, பாகம் கிடைக்குமா, சரிசெய்யும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

2012-இல் வந்த ரெடினா மேக்புக் புரோ ராம் நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்து, பேட்டரியைப் பசையால் ஒட்டி வந்தது. அதன் பிறகு மெல்லிய கணினிகள் பல அந்த வழியில் போயின. வாங்கும்போது எவ்வளவு ராம் இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. சேமிப்பகமும் பலகையோடு சேர்ந்துவிட்டால், பலகை போகும் நாளில் படமும் பாடமும் சேர்ந்தே போகும்.

அலுவலகங்களுக்காக வந்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளின் மரபு வேறு. 1992-இல் ஐபிஎம் தொடங்கி, 2005-இல் லெனோவோவின் கைக்கு வந்தது திங்க்பேட். இந்த வகைகளில் பலவற்றுக்கு, எந்தத் திருகைக் கழற்றி எதை மாற்றுவது என்ற பழுதுநீக்கக் கையேட்டை நிறுவனங்களே பொதுவில் வெளியிடுகின்றன. பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்குவதால் பாகங்களும் புழக்கத்தில் இருக்கும். மூன்று, நான்கு ஆண்டு கழித்து அலுவலகங்கள் கழித்துவிடும் இந்தக் கணினிகள் செகண்ட்ஸ் சந்தைக்கு வருகின்றன. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பலர் அவற்றில் புது எஸ்எஸ்டி, புது பேட்டரி போட்டு நன்றாகவே ஓட்டுகிறார்கள்.

பாகமும் சரிசெய்யும் ஆளும் இருந்தால் கணினி உழைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எளிய கணினிகள்தான். ஆனால் ஒரே மாதிரி லட்சக்கணக்கில் இருந்ததால் பாகம் கிடைத்தது, சரிசெய்யும் கைகளும் பழகின. என் கணினியைத் திறந்த அந்தத் தம்பி தொழில் கற்றதே அந்த லேப்டாப்புகளைக் கழற்றித்தான். எங்கள் தெருவில் அவற்றுள் ஒன்று, அதை வாங்கிய பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அவள் தம்பியிடம் ஓடிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க முடிந்ததால்தான் அது அத்தனை காலம் உழைத்தது.

வன்பொருள் நன்றாக இருந்தும் கணினிக்கு ஓய்வு கொடுக்கிற இன்னொரு காரணம், மென்பொருள் ஆதரவு நிற்பது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பழைய செயலி கொண்ட கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இன்டெல் செயலி கொண்ட மேக் கணினிகளுக்கு 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. பழைய மாதிரி என்று தள்ளுபடியில் கிடைக்கும் உயர்விலைக் கணினியை வாங்குமுன், இன்னும் எத்தனை ஆண்டு ஆதரவு மிச்சமிருக்கிறது என்று பார்க்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

சட்டம் தரும் துணை

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் மதுரை மாவட்ட ஆணையமே விசாரிக்க முடியும். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இதற்கெல்லாம் பில்லும், சேவை மையத்தில் கொடுக்கும் ஜாப் ஷீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். "வாயால சொன்னாங்க" என்பது ஆணையத்தில் நிற்காது.

பழுதுபார்க்கும் உரிமை பற்றியும் பேச்சு தொடங்கியிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கொரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் தனி இணைய வாயிலையும் திறந்தது. பொருளை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று மதிப்பெண் இடும் முறை பற்றிய அறிக்கை 2025 மே மாதம் வந்தது. முதலில் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் என்கிறார்கள். பிரான்சில் 2021 ஜனவரி முதலே மடிக்கணினியின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் பத்துக்கு எத்தனை என்று இந்த மதிப்பெண்ணை ஒட்டியாக வேண்டும்.

வருஷக் கணக்கு

மதிப்பை அளக்க நான் பரிந்துரைக்கும் முறை எளியது. மொத்தச் செலவை, உழைத்த வருஷத்தால் வகுப்பது. ஓர் உதாரணம். 1,20,000 ரூபாய்க் கணினி நான்கு வருஷத்தில் கைவிட்டால் வருஷத்துக்கு 30,000. அதே கணினிக்கு 9,000 ரூபாயில் பேட்டரி மாற்றி ஏழு வருஷம் ஓட்டினால் சுமார் 18,400. 50,000 ரூபாய்க் கணினி மூன்றே வருஷம் உழைத்தாலும் சுமார் 16,700. செகண்ட்ஸில் 30,000-க்கு வாங்கி, 8,000 செலவழித்து நான்கு வருஷம் ஓட்டினால் 9,500.

ஆக, ஏழு வருஷம் உழைத்தாலும் உயர்விலைக் கணினி மற்றவற்றைவிட மலிவாகிவிடுவதில்லை. மிச்சத் தொகையை நாம் திரைக்கும் எடைக்கும் வேகத்துக்கும் கொடுக்கிறோம். வேலை அதைக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த வேலையே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். உழைக்கும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் கொடுப்பதுதான் வீண். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கும் பெற்றோர், கையிருப்பு முழுவதையும் கணினியில் போடாமல் பேட்டரிக்கும் பழுதுக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்தால் அந்தப் பிள்ளை நடுப்பருவத்தில் கணினி இல்லாமல் நிற்காது.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் முடிவு இது. ஒரு கணினியின் உழைப்பு பாதி அதன் வடிவமைப்பில் இருக்கிறது. மீதி, அதைத் திறந்து சரிசெய்யும் கை நம் ஊரில் இருக்கிறதா என்பதில். பிரான்சு போல இங்கும் மடிக்கணினியின் பழுதுநீக்க மதிப்பெண் விலைச்சீட்டில் ஏற வேண்டும். அந்தச் சீட்டு வரும்வரை கடையில் விலை பேசுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். பேட்டரி, ராம், சேமிப்பகத்தைத் தனித்தனியாக மாற்ற முடியுமா? பாகம் மதுரையில் கிடைக்குமா? உத்தரவாதம் முடிந்த பிறகு பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? கிரைண்டர் வாங்கும்போது பெரியவர்கள் ஒரே மூச்சில் கேட்கும் கேள்விதான் இவை மூன்றும். லட்ச ரூபாய்ப் பொருளிடமும் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.